வீட்டார் வெளியூரில், முயல் கூட்டில்: தண்ணீரும் உலர்புல்லும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் முயல் வளர்ப்பவர்கள், கொழும்புக்கோ இந்தியாவுக்கோ வன்னியில் இருக்கும் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கோ புறப்படும் முன்னர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் கூறிய விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மிருக வைத்தியன் அல்லன். பல ஆண்டுகளாக முயல் வளர்த்து, சில தவறுகளைச் செய்து, அவற்றிலிருந்து கற்றுக்கொண்டவன் மட்டுமே. ஆகவே நோய் பற்றிய இடங்களில் வைத்தியரிடம் போகச் சொல்வதற்கு மேலாக நான் எதையும் சொல்லவில்லை.

முயலைத் தனியே விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?

காலையில் போய் இரவில் திரும்புவதாயின் கவலைப்பட வேண்டியதில்லை. நோயற்ற, வளர்ந்த முயலை ஓர் இரவு வரை, நல்ல ஏற்பாட்டோடும் வெயில் கடுமையில்லாத காலத்திலும் விட்டுச் செல்லலாம். அதற்கு மேற்பட்டால் நாளுக்கு இரண்டு தடவை ஓர் ஆள் வந்து பார்க்க வேண்டும் என்பதே என் முடிவு.

இதற்குக் காரணம் தண்ணீரோ புல்லோ தீர்ந்துவிடும் என்பதன்று. இரண்டு நாளுக்கான தண்ணீரையும் நான்கு நாளுக்கான புல்லையும் கூட்டில் வைப்பது எவருக்கும் இயலும். முயலின் குடல் இடைவிடாது அசைந்துகொண்டிருக்க வேண்டிய உறுப்பு. நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரைதான் அது அசையும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் இயலாது. ஏதோ ஒரு காரணத்தால் அது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் குடல் மந்தமாகி, வாயு சேர்ந்து, வலி உண்டாகி, அந்த வலியினால் மேலும் தின்னாமற் போய், ஓரிரு நாளில் இறந்தும் விடும். கூடு நிறையப் புல் இருக்கும்போதே இது நடக்கலாம். ஆகவே எந்த ஏற்பாட்டைச் செய்தாலும், இது பிழைத்துப்போனால் எத்தனை மணி நேரத்தில் ஒருவருக்குத் தெரியவரும் என்று கேட்டுப் பாருங்கள். கீழே வரும் விடைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தவை.

கொழும்புக்கு இரவுப் பேருந்தில் போய், மறுநாள் அலுவலை முடித்து, அன்றிரவே ஏறி விடியத் திரும்புவதை நாம் ‘ஒரு நாள் பயணம்’ என்கிறோம். மாலை 7 மணிக்குப் புறப்பட்டு, இரண்டு இரவு கழித்து காலை 6 மணிக்கு வந்து சேர்ந்தால் அது 35 மணி நேரம். முயலின் கணக்கில் அது ஒன்றரை நாள். இடையில் வரும் பகலில் காலையும் பின்னேரமும் யாராவது ஒருவர் எட்டிப் பார்க்க ஒழுங்கு செய்யாமல் அந்தப் பயணத்துக்குப் புறப்படாதீர்கள்.

முயலுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வயிறு ஊதிச் செத்துப்போகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களே?

இது மிகவும் பரவலான நம்பிக்கை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இந்த விடயத்தில் அந்தப் பழமொழிக்கு நேரடியான பொருளே உண்டு.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதை ஊகிக்கலாம். பற்றைக் காட்டில் திரியும் முயல் தண்ணீர் குடிப்பதை நாம் காண்பதில்லை. அது பனி படிந்த பச்சைப் புல்லை இரவிலும் விடியற்காலையிலும் தின்கிறது. பச்சைப் புல்லின் நிறையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். கூட்டில் நாம் வளர்ப்பதோ ஐபீரியக் குடாநாட்டைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலின் வழிவந்த, முற்றிலும் வேறான இனம். அதற்கு நாம் கொடுக்கும் உலர்புல்லில் நீர் பத்து முதல் பதினைந்து வீதமே இருக்கும். கடையில் வாங்கும் குளிகைத் தீனியும் அப்படித்தான். உலர்ந்த தீனியைக் கொடுத்துத் தண்ணீரை மறுத்தால், முதலில் அது தின்பதைக் குறைக்கும், பிறகு முற்றாக நிறுத்தும். முந்தைய விடையில் சொன்ன குடல் மந்தம் அங்கிருந்து தொடங்கும். அப்போது வயிறு ஊதுவதைப் பார்த்துவிட்டு, முன்னொருநாள் கொடுத்த ஒரு சிரட்டைத் தண்ணீரின் மீது பழியைப் போடுகிறோம்.

புறப்படும்போது வீட்டுப் பொறுப்பை அம்மம்மாவிடமோ பெரியப்பாவிடமோ விட்டுச் செல்பவர்கள் இதை முதலிலேயே மரியாதையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன பின்னர் முயலின் நன்மை கருதியே அவர்கள் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வெளியே வைத்துவிடக்கூடும்.

எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்?

உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை குடிக்கும். இரண்டு கிலோ முயலுக்கு அதிகபட்சம் 300 மில்லிலீற்றர். சித்திரை, வைகாசி வெயிலில் இதைத் தாண்டுவதும் உண்டு. இரண்டு முயல்கள், 35 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் குடிப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 900 மில்லிலீற்றர் வேண்டும். நான் இரண்டு லீற்றர் வைப்பேன். அதையும் ஒரே பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு போத்தலிலும் ஒரு சட்டியிலுமாகப் பிரித்து வைப்பேன். மேலதிகத் தண்ணீரால் கேடில்லை. ஒரே பாத்திரத்தை நம்பியிருப்பதால்தான் கேடு.

போத்தல் நல்லதா, சட்டி நல்லதா?

இரண்டும் வேண்டும்; ஒன்றுக்கொன்று காப்பு. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டால் பெரும்பாலான முயல்கள் சட்டியையே நாடும், கூடுதலாகவும் குடிக்கும். தலையைக் குனிந்து குடிப்பது அவற்றுக்கு இயல்பானது. போத்தலின் குழாயில் நக்கி நக்கிக் குடிப்பதற்கு நேரம் கூடுதலாக எடுக்கும்.

சட்டி என்றால் அடி அகன்ற, பாரமான மண்சட்டியாக இருக்கட்டும். சுடுமண்ணின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்மையாக இருக்கும்; நம்முடைய மண்பானைக்கும் இதே தத்துவம்தான். அதே காரணத்தால் சட்டியின் நீர்மட்டம் முயல் குடிக்காமலேயே இறங்கும் என்பதையும், சோளகக் காற்று வீசும் மாதங்களில் வேகமாகவே இறங்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சட்டியின் குறை, முயல் அதற்குள் புல்லைப் போடும், கழிவைப் போடும், சில வேளைகளில் தானே ஏறி இருக்கும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு தட்டையான கல்லின் மேல் வைத்தால் இது பெருமளவு குறையும்.

போத்தலின் தண்ணீர் துப்புரவாக இருக்கும். ஆனால் அதன் குழாய் முனையில் இருக்கும் சிறிய உருக்குக் குண்டு இறுகிவிட்டால் ஒரு சொட்டும் வராது. ஒருமுறை சித்திரை மாதம் மூன்று நாள் வெளியூர் போனபோது, கூட்டைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இரண்டாம் நாள் தொலைபேசியில் கேட்டேன். “தண்ணிக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி, போத்தல் வைச்ச மாதிரியே நிறைய இருக்கு” என்றார். எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது. அன்று இரவு படுத்த பிறகுதான், வைத்த மாதிரியே இருந்தால் முயல் குடிக்கவில்லை என்றல்லவா பொருள் என்று தோன்றியது. விடியற்காலையில் மீண்டும் அழைத்துக் குண்டை விரலால் தட்டிப் பார்க்கச் சொன்னேன், அது அசையவேயில்லை. சட்டி ஒன்று வைத்ததும் இரண்டு முயல்களும் தலையை எடுக்காமல் குடித்தன என்றார். முயல்கள் தப்பின. அக்கா சொன்னதில் பிழையில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லாமல் போனதுதான் பிழை. அன்றிலிருந்து போத்தலின் வெளிப்புறத்தில் நீர்மட்டத்தை மையால் கோடிட்டுவிட்டே போகிறேன். கோட்டுக்குக் கீழே இறங்காத போத்தல் பழுதான போத்தல் என்று சொல்லியும் வைக்கிறேன்.

குண்டு ஏன் இறுகுகிறது?

நமது கிணற்று நீரினால். குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனூடாக ஊறிவரும் நீர் பெரும்பாலான இடங்களில் வன்னீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் போத்தலின் குழாய் முனையிலும் குண்டைச் சுற்றிப் படிகிறது. வாரம் ஒருமுறை குழாயைக் கழற்றி, வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால் கரைந்துவிடும். இதைப் புறப்படும் நாளன்று செய்யாமல் இரண்டு நாள் முன்னதாகச் செய்யுங்கள். புளிப்பு மணம் எஞ்சியிருந்தால் முயல் வாயே வைக்காது, அதை நீங்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள அவகாசம் வேண்டும்.

போத்தலில் தண்ணீர் நிரப்பிய பின்னர் குண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் ஈரம் படுவதோடு போத்தலுக்குள் காற்றுக் குமிழி ஒன்று மேலே போகவும் வேண்டும். குமிழி போகாவிட்டால், முதல் சில சொட்டுகளுக்குப் பிறகு தண்ணீர் நின்றுவிடும்.

வெயில் படும் பக்கத்தில் மாட்டிய போத்தல் தானாகவே ஒழுகிக் காலியாகிறது. போத்தல் பழுதா?

இல்லை. போத்தலின் மேற்பகுதியில் இருக்கும் காற்று வெயிலில் சூடாகி விரிந்து, கீழிருக்கும் தண்ணீரைக் குழாய் வழியே தள்ளுகிறது. பாதி காலியான போத்தலில் காற்று அதிகம் இருப்பதால் அது இன்னும் விரைவாக ஒழுகும். நாள் முழுவதும் நிழல் படும் பக்கம் எது என்று பார்த்து அங்கே மாட்டுங்கள். போத்தலுக்குப் பழைய காலுறை ஒன்றைப் போட்டுவிட்டால் வெளிச்சம் குறைந்து பாசியும் பிடிக்காது.

குழாய் இழுத்து வாளியிலிருந்து தண்ணீர் வரச் செய்யும் தானியங்கி முறையைப் பொருத்தலாமா?

பண்ணைக்குச் சரி, இரண்டு முயலுக்கு வேண்டாம். குழாயை முயல் கடிக்கும், குழாய்க்குள் காற்று அடைக்கும், வெயிலில் கிடக்கும் குழாயில் தண்ணீர் கொதிக்கும். எல்லாவற்றையும் விட, வாளி நிறைந்திருப்பதைக் கண்டு நமக்கு வரும் நிம்மதி ஆபத்தானது.

பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றினால் போதாதா?

இரண்டு வீட்டுக் கிணற்றுக்கும் நடுவே ஒரு வேலி மட்டும் இருந்தாலும் சுவை வேறுபடுவதை நாம் அறிவோம். கரையோரத்திலோ ஒரு கிணறு நன்னீர், ஐம்பது அடி தள்ளி இருப்பது உவர். முயல் பழகிய சுவை மாறினால் குடிப்பதைக் குறைத்துவிடும். மாரியில் குளோரின் போட்ட கிணற்று நீரையும் அது முகர்ந்துவிட்டு விலகுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே அது வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரையே மூடியுள்ள கலனில் நிறைத்து, கூட்டுக்கு அருகே நிழலில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். நீங்கள் குடிக்க ஒவ்வாத நீரை முயலுக்கும் கொடுக்க வேண்டாம். தோட்டங்களில் இடும் பசளையின் நைத்திரேற்று பல கிணறுகளில் கலந்திருப்பது இங்கே நெடுநாளாக அறியப்பட்ட பிரச்சினை.

தண்ணீரில் குளுக்கோசு, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி, மஞ்சள் போன்றவற்றைக் கலக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கலக்க வேண்டாம். சுவை மாறும், போத்தலில் வழுவழுப்புப் பிடிக்கும், எறும்பு வரும்.

கெக்கரிக்காயும் வத்தகப்பழமும் வெட்டி வைத்தால் தண்ணீர் வைக்கத் தேவையில்லைதானே?

தேவை. ஒரு துண்டு கெக்கரிக்காய் நல்லதுதான், ஆனால் அது தண்ணீருக்கு ஈடாகாது. வெட்டிய பழம் நம் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும், அதன் சர்க்கரை முயலின் குடலில் கெட்ட நுண்ணுயிர்களைப் பெருக்கும். ஆள் இல்லாத கூட்டில் பழம் வேண்டாம்.

உலர்புல் என்பது வைக்கோல்தானே? வைக்கோலை நிறையப் போட்டுவிட்டுப் போகலாமா?

இரண்டும் ஒன்றல்ல. கதிர் முற்றி அறுத்த நெற்பயிரின் எஞ்சிய தாளே வைக்கோல். அதன் சத்து முழுவதும் நெல்லுக்குப் போய்விட்டது. உலர்புல் என்பது பூக்கும் முன்னர் பச்சையாக வெட்டி, பச்சை நிறம் மாறாமல் உலர்த்திய புல். வைக்கோலை முயல் கொறிக்கும், அதனால் தீங்கில்லை, படுக்கைக்கும் அது நல்லது. ஆனால் அதை மட்டுமே உணவாக விட்டுச் செல்லக் கூடாது.

வெளிநாட்டு நூல்களில் சொல்லப்படும் திமோத்திப் புல் குளிர்நாட்டுப் பயிர். இங்கே அது இறக்குமதிப் பொதியாகவே கிடைக்கும், விலையும் அதிகம். அதைத் தேடி அலைய வேண்டிய தேவையில்லை. கினிப்புல்லும் அறுகும் நம்மிடம் தாராளமாக உண்டு. மாசியிலிருந்து ஆவணி வரையான வறண்ட மாதங்களில், பனி காய்ந்த பிறகு வெட்டி, மெல்லிய படையாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று நாளில் உலர்ந்துவிடும். தண்டை வளைத்தால் வளையாமல் முறிய வேண்டும். கையில் அள்ளினால் தேயிலை போன்ற மணம் வர வேண்டும். முழு நாளும் கடும் வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துச் சத்தும் குறையும். முதல் நாள் வெயிலிலும் பிறகு காற்றோட்டமான நிழலிலும் உலர்த்துவது என் வழக்கம். உலர்ந்ததைச் சணல் சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

முதல் தடவையாக உலர்புல்லுக்கு மாற்றுவதானால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னரே தொடங்குங்கள். புறப்படும் அன்று புதிய உணவை அறிமுகப்படுத்துவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. இதையும் நான் செய்திருக்கிறேன்.

எவ்வளவு புல், எதில் வைப்பது?

இரண்டு கிலோ முயல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் உலர்புல் தின்னும். பார்வைக்கு அது முயலின் உடம்பளவான ஒரு குவியல். அதில் ஒரு பகுதியை மிதித்து, நனைத்து, ஒதுக்கிவிடும். ஆகவே தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு வையுங்கள். தேவைக்கு மேல் புல் தின்று எந்த முயலும் நோயுற்றதில்லை. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை, முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீற்றருக்கு மேலும் வளரும். அவற்றைத் தேய்த்துச் சமன்செய்வதும் புல்தான்.

வைப்பதற்குப் பனையோலைக் கடகத்தைப் போல ஏற்றது எனக்குத் தெரிந்து எதுவுமில்லை. கூட்டின் மூலையில் இரண்டு இடத்தில் கம்பியால் இறுகக் கட்டி, புல்லை நெருக்கி அடைக்காமல் உதிரியாகப் போடுங்கள். முயல் புல்லோடு சேர்த்துக் கடகத்தையும் கடித்துத் தின்னும். சாயம் போடாத ஓலையானால் அதனால் கெடுதியில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஒன்று வாங்க வேண்டி வரும், அவ்வளவே. ஒரு கடகம் போதாது, இரண்டு வையுங்கள். ஒன்று கவிழ்ந்து நனைந்தாலும் மற்றது இருக்கும்.

வெங்காயம் வரும் வலைப்பையில் புல்லை அடைத்துத் தொங்கவிடுவதைப் பல வீடுகளில் காண்கிறேன். அது சுலபந்தான், ஆனால் நகமோ பல்லோ நூலில் சிக்கினால் முயல் துள்ளித் துள்ளித் தன் காலையே முறித்துக்கொள்ளும். ஆள் இல்லாத வீட்டில் அது தூக்குக் கயிறுதான். கம்பித் தட்டி வைப்பவர்கள் முயலின் தலை நுழையாத இடைவெளி உள்ளதாகப் பார்த்து வையுங்கள்.

குளிகைத் தீனியை நேரத்துக்குப் போடும் இயந்திரம் வாங்கலாமா?

வாங்கலாம், அது கெடுதல் இல்லை, அவசியமும் இல்லை. புல்லும் தண்ணீரும் இருக்கும் முயல் இரண்டு நாள் குளிகை இல்லாமல் நன்றாகவே இருக்கும். மூன்று நாளுக்கான குளிகையை ஒரே கோப்பையில் கொட்டிவிட்டுப் போவதுதான் தவறு. அது முழுவதையும் முதல் இரவிலேயே தின்றுவிட்டுப் புல்லைத் தொடாமல் கிடக்கும்.

யாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது, என்ன சொல்லிவிட்டுப் போவது?

முயலைப் பற்றி அறிந்தவர் வேண்டும் என்பதில்லை, சொன்ன நேரத்துக்கு வருபவர் வேண்டும். என் அனுபவத்தில், படித்த இளைஞர்களை விட, விடியற்காலையில் எழுந்து தன் ஆட்டுக்குக் குழை போடும் அயலவரே மேல். அவருக்கு ஒரு பிராணி வாடியிருப்பது நடையிலேயே தெரியும். பயணத்துக்கு முந்திய நாள் அவரை வரச்சொல்லி, நீங்கள் பக்கத்தில் நிற்க, எல்லாவற்றையும் ஒருமுறை அவரையே செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னது பாதி மறந்துபோகும், கையால் செய்தது நிற்கும்.

தண்ணீரை மாற்றும்படியும் புல்லைப் போடும்படியும் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் நிரப்புவதற்கு மட்டுமன்றிப் பார்ப்பதற்கும் வருகிறார். போத்தலின் நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, கடகத்தில் புல் குறைந்திருக்கிறதா, கூட்டின் கீழே புதிய கழிவு விழுந்திருக்கிறதா என்பவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதே முக்கியமானது. நலமான முயல் ஒரு நாளில் 200 உருண்டைகளுக்கு மேல் போடும். நீங்கள் புறப்படும்போது கூட்டின் அடித்தட்டைத் துப்புரவாகக் கூட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அதில் கிடப்பது எல்லாம் புதியது என்று அவருக்கு ஐயமின்றித் தெரியும். அவரும் ஒவ்வொரு தடவையும் கூட்டிவிட்டுப் போக வேண்டும். அத்தோடு ஒரு கொத்தமல்லி இலையை நீட்டிப் பார்க்கட்டும். எப்போதும் ஓடிவந்து பறிக்கும் முயல் முகத்தைத் திருப்பினால் உடனே உங்களை அழைக்கட்டும். தட்டையும் போத்தலையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். கூட்டுக்கு முன்னே கமரா பொருத்துபவர்களும் உண்டு. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பச்சைப்புல் வெட்டிப் போட அவர் முன்வந்தால் நன்றியோடு மறுத்துவிடுங்கள். அன்பினால்தான் கேட்பார், ஆனால் வெங்காயத் தோட்டத்து வரம்பிலும் புகையிலைத் தோட்டத்து வரம்பிலும் வளரும் புல்லில் என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்பது அந்தத் தோட்டக்காரருக்குத்தான் தெரியும். வேலியோரத்து அலரி, எருக்கலை, மரவள்ளி இலை, வெங்காயத் தாள் ஆகியவை ஒன்றுகூடக் கூட்டுக்குள் போகக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

சித்திரை வெயிலில் என்ன மேலதிக ஏற்பாடு வேண்டும்?

முயலுக்கு வியர்ப்பதில்லை, வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுகிறது. வெப்பநிலை 30 பாகை செல்சியஸை நெருங்கும்போதே அது வருந்தத் தொடங்கும். நமது சித்திரை, வைகாசிப் பகல்கள் அதைத் தாண்டியவை. கூட்டை மாமர நிழலுக்கு மாற்றுங்கள், தகரக் கூரையின் மேல் கிடுகு போடுங்கள், தரையில் இரண்டு சீமெந்துக் கற்களையோ ஓடுகளையோ வையுங்கள். முயல் வயிற்றை அதில் ஒட்டிக்கொண்டு படுக்கும். நண்பகலில் ஒருவர் வர முடியுமானால், பனிக்கட்டியாக்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைக்கச் சொல்லலாம். அந்த இரண்டு மாதங்களிலும் ஓர் இரவுகூட ஆளில்லாமல் விட்டுச் செல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மாரியில்?

வாடைக்காற்றோடு வரும் மழை பக்கவாட்டில் அடித்துப் புல்லை நனைக்கும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை, நனைந்த புல் ஒரே நாளில் மணக்கத் தொடங்கும். நனைந்ததை உலர்த்திப் போட முயலாமல் எறிந்துவிடச் சொல்லுங்கள். காற்று வரும் பக்கத்தைப் படங்கால் மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.

எறும்பு ஏறாமல் கூட்டின் கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் வைத்திருக்கிறோம். நாங்கள் இல்லாதபோது அவற்றை என்ன செய்வது?

இதைக் கேட்டவர் ஒருவர்தான் என்றாலும் கேள்வி மிகவும் நல்லது. தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் போவதானால் பேணியில் ஒரு பிடி உப்பைக் கரைத்துவிடுங்கள், அல்லது அவற்றை எடுத்துக் கவிழ்த்துவிட்டுக் கால்களில் கிறீஸ் பூசுங்கள். முயல் குடிக்கும் சட்டியையும் நாள்தோறும் கொட்டித் தேய்த்துக் கழுவியே நிரப்ப வேண்டும். மேலே மேலே ஊற்றக் கூடாது.

குட்டி ஈன்ற முயலை, அல்லது சினையாக இருப்பதை விட்டுச் செல்லலாமா?

வேண்டாம். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். திகதியை எண்ணிப் பார்த்துப் பயணத்தை மாற்றுங்கள். பால் கொடுக்கும் தாய் வழக்கத்தைப் போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும்.

கூடவே கொண்டு போனால் என்ன?

ஒரு மணி நேரத்து முச்சக்கர வண்டிப் பயணமானால், குளிர்ந்த வேளையில், கொண்டுபோகலாம். கொழும்புவரை பேருந்தில் வேண்டாம். சோடியாக வளர்ந்தவற்றில் ஒன்றை மட்டும் கொண்டுபோவது இன்னும் மோசம்.

பார்க்க வந்தவர் அழைத்து, ‘முயல் ஒன்றும் தின்னவில்லை’ என்கிறார். என்ன செய்யச் சொல்வது?

கடைசியாக அது தின்றதை யார், எப்போது கண்டார் என்று கேளுங்கள். நேரத்தை அங்கிருந்துதான் எண்ண வேண்டும், அழைப்பு வந்த நேரத்திலிருந்து அல்ல. தண்ணீர் வருகிறதா என்று முதலில் பார்க்கட்டும். பகல் வெப்பத்தில் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், நிழலுக்கு எடுத்துச் சென்று, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடைத்து, விசிறியால் வீசட்டும். பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. வெப்பமில்லாமலே மூலையில் குறண்டி இருந்து, பல்லை நறநறவென்று கடித்து, கழிவும் போடாமல் இருந்தால் அது வலி. ஓமத்தண்ணீர், பெருங்காயம், மனிதருக்கான வலிமாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். வயிறு ஊதியிருக்கும்போது வாயில் வலிந்து ஊட்டவும் வேண்டாம். மிருக வைத்தியரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும், ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

ஆகவே உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும், அது மூடியிருக்கும் வார இறுதியில் முயலைப் பார்க்கக்கூடிய தனியார் வைத்தியர் ஒருவரின் எண்ணையும் கூட்டின் கதவில் ஒட்டிவிட்டுச் செல்லுங்கள். முயலைக் கொண்டுபோக ஒரு பெட்டியும் வண்டிச் செலவுக்குக் கொஞ்சப் பணமும் பார்க்க வருபவரிடம் இருக்கட்டும். காசுக்காக உங்களைக் கேட்கத் தயங்கி ஒரு பகலைக் கடத்திவிடும் நல்ல மனிதர்கள் நம்மிடையே அதிகம்.

திரும்பி வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

பயணப்பையை இறக்கிவைத்த கையோடு கூட்டின் அடித்தட்டைப் பாருங்கள். உருண்டைகள் வழக்கமான பருமனில், உலர்ந்து, நிறையக் கிடந்தால் நல்லது. சிறுத்திருந்தாலோ, மயிரில் கோத்ததுபோலச் சங்கிலியாக இருந்தாலோ முயல் போதியளவு தின்னவில்லை அல்லது குடிக்கவில்லை. திராட்சைக் கொத்துப்போல மென்மையான கழிவு தின்னப்படாமல் கிடந்தால், உங்கள் அயலவர் கேளாமலே ஏதோ விருந்து வைத்திருக்கிறார். முயல் அந்த மென்கழிவைத் தானே மீண்டும் தின்ன வேண்டியது. குளிகையோ பழமோ மிகுந்தால் அதை விட்டுவிடும். கோபிக்காமல் என்ன கொடுத்தார் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு நாளைக்குப் புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். பிறகு போத்தலைக் கழற்றி, குழாயை வினாகிரியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம்.